பாதிப் பெட்டிக்கு முழு விலை

2008 ஜூன் மாதம் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு டிவிடி பெட்டி வந்து சேர்ந்தது. ‘தி ஃப்யூஜிடிவ்’ என்ற பழைய தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் சீசன், முதல் வால்யூம். செய்யாத கொலைக்கு மரண தண்டனை பெற்று, ரயில் விபத்தில் தப்பித்து, உண்மைக் கொலைகாரனான ஒற்றைக் கையனைத் தேடி ஊர் ஊராக அலையும் டாக்டர் கிம்பிளின் கதை அது. ஒரு சீசனுக்கு 30 எபிசோட். பெட்டிக்குள் இருந்தது 15. மிச்சம் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் காத்திருந்து, 40 டாலரை ஒட்டிய விலையை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். நான்கு சீசனையும் இப்படி எட்டாக நறுக்கினார்கள். 1963 முதல் 1967 வரை ஒளிபரப்பான தொடரை டிவிடியில் விற்று முடிக்க 2007 முதல் 2011 வரை ஆனது. இளமையில் அந்தத் தொடருக்காக வீட்டுக்கு ஓடி வந்தவர்கள் அதற்குள் முதுமையை எட்டியிருந்தார்கள். கடைசிப் பெட்டி வரும்வரை நாம் இருப்போமா என்ற கவலை அவர்களுக்கு நிஜமாகவே இருந்தது.

கதையைத் துண்டு போட்டு விற்பது டிவிடி நிறுவனங்களின் கண்டுபிடிப்பு இல்லை. அந்தப் பழக்கத்துக்கு முந்நூறு ஆண்டுக்கும் மேல் வயது. அதன் வரலாற்றில் புவி உருண்டை செய்தவர் ஒருவர் வருகிறார், வாடகை நூலகம் நடத்தியவர் ஒருவர் வருகிறார், ஒரு சிகரெட் கம்பெனியும் வருகிறது.

1678 ஜனவரி, லண்டன். ஜோசப் மாக்ஸன் வரைபடங்களும் புவி உருண்டைகளும் செய்து விற்றவர். அச்சுத் தொழிலும் தெரிந்தவர். கொல்லர், தச்சர், கடைசல் பிடிப்பவர் ஆகியோரின் கைவேலையை விளக்கும் நூல் ஒன்றை மாதம் ஒரு பகுதியாக வெளியிடத் தொடங்கினார். இங்கிலாந்தில் தவணையாக வெளிவந்த முதல் நூல்களில் அது ஒன்று. ஆனால் அந்த ஆண்டே, மன்னரைக் கொல்லக் கத்தோலிக்கர்கள் சதி செய்கிறார்கள் என்ற புரளி நகரத்தைப் பிடித்து ஆட்டியது. தச்சு வேலையைப் படிக்கும் மனநிலை யாருக்கும் இல்லை. சில பகுதிகளுக்குப் பிறகு வெளியீடு நின்றுபோனது. 1683இல்தான் அச்சுக்கலை பற்றிய பகுதிகளோடு மாக்ஸன் திரும்பி வந்தார். தவணை நூல் பிறந்தபோதே, பாதியில் நிற்கும் நோயும் கூடப் பிறந்துவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் பைபிள்கூட இப்படி விற்றது. 1768இல் எடின்பரோவில் தொடங்கிய பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் முதல் பதிப்பு, வாரம் ஒன்றாக 100 பகுதிகள், பகுதிக்கு ஆறு பென்ஸ். தொகுப்பாளர்கள் ஆரம்பத்தில் தாராளமாக எழுதிவிட்டார்கள் போலும்: மூன்று தொகுதிகளில் முதல் தொகுதியை ஆங்கில அகரவரிசையின் முதல் இரண்டு எழுத்துகளே நிரப்பிவிட்டன. மிச்சம் 24 எழுத்தும் மற்ற இரண்டு தொகுதிகளில் நெருக்கியடித்துக்கொண்டன.

நாவலுக்கு இந்த முறை வாய்த்தது ஒரு தற்செயலால். 1836இல் சேப்மன் அண்ட் ஹால் பதிப்பகம் ராபர்ட் சீமோர் என்ற ஓவியரின் வேடிக்கைப் படங்களை மாத வெளியீடாகக் கொண்டுவர நினைத்தது. படங்களுக்கு இடையே எழுத்து நிரப்ப 24 வயதுப் பத்திரிகையாளர் ஒருவரைப் பிடித்தது. அவர் சார்லஸ் டிக்கன்ஸ். இரண்டாம் பகுதி வருவதற்குள் சீமோர் தற்கொலை செய்துகொண்டார். வேறு பதிப்பகமாக இருந்தால் இழுத்து மூடியிருக்கும். இவர்களோ படங்களைக் குறைத்து எழுத்தைக் கூட்டினார்கள். ஆயிரம் பிரதியில் தொடங்கிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ முடியும்போது 40,000 பிரதியைத் தொட்டது.

இங்கே விலையைக் கவனிக்க வேண்டும். ஒரு பகுதி ஒரு ஷில்லிங். மொத்தம் 20 பகுதிகள். கடைசி இரண்டும் ஒரே இதழாக வந்தன. முழு நாவலுக்கும் 20 ஷில்லிங், ஒரு பவுண்டு. அன்று கடையில் புது நாவல் ஒன்றின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். துண்டு துண்டாக வாங்கியவருக்குத்தான் லாபம். எத்தனை பகுதி, எப்போது முடியும் என்பதும் அவருக்குத் தெரியும். மாதச் சம்பளத்தில் ஒரு ஷில்லிங்கை ஒதுக்கிவைத்த குமாஸ்தாவுக்கு நாவல் சொந்தமானது இப்படித்தான். துண்டு போடுவதில் ஒரு நேர்மை இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

போலிகளும் உடனே வந்தார்கள். எட்வர்ட் லாயிட் என்ற பதிப்பாளர், டிக்கன்ஸின் ‘பாஸ்’ என்ற புனைபெயரைப் போலவே ‘போஸ்’ என்று ஒருவரைப் போட்டு, ஒரு பென்னிக்கு இன்னொரு பிக்விக் விற்றார். பதிப்பகம் வழக்குப் போட்டுத் தோற்றது. ஒரு ஷில்லிங்கும் எட்டாத தொழிலாளிகள் லாயிடின் பிக்விக்கை வாங்கிப் படித்தார்கள். விலை எட்டாத இடத்தில் போலி முளைக்கும் என்பதை இந்த வரலாறு நெடுகப் பார்க்கலாம்.

டிக்கன்ஸின் கடைசி நாவல் ‘எட்வின் ட்ரூட்’. 12 பகுதிகளாகத் திட்டமிடப்பட்டது. ஆசிரியர் நடுவில் இறந்தால் பதிப்பகத்துக்கு ஈடு தருவது பற்றி அதன் ஒப்பந்தத்தில் ஒரு விதி எழுதப்பட்டிருந்தது. 1870 ஜூனில் அதுவே நடந்தது. ஆறு பகுதிகளோடு கதை நின்றது. ட்ரூடைக் கொன்றது யார் என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. நடுவில் நின்றால் பதிப்பாளருக்கு ஈடு உண்டு. வாசகருக்கு எந்த விதியும் இல்லை.

சரி, அந்த 31 ஷில்லிங் 6 பென்ஸ் எங்கிருந்து வந்தது? 1821இல் வால்டர் ஸ்காட்டின் ‘கெனில்வொர்த்’ மூன்று தொகுதிகளாக அந்த விலைக்கு வந்தது. மற்றவர்கள் அப்படியே பின்பற்றினார்கள். சாமானியர் நினைத்துப் பார்க்க முடியாத விலை. ஆனாலும் அது எழுபது ஆண்டுக்கு மேல் அசையாமல் நின்றதற்குப் பெரும் காரணம் சார்லஸ் எட்வர்ட் மியூடி. 1842இல் அவர் தொடங்கிய வாடகை நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு கினி கட்டினால், ஒரு நேரத்தில் ஒரு தொகுதி எடுத்துப் போகலாம். நாவல் மூன்று தொகுதியாக இருந்தால் ஒரே நாவலை ஒரே சமயத்தில் மூன்று சந்தாதாரருக்குக் கொடுக்கலாம். கடை விலை அதிகமாக இருந்தால்தான் மக்கள் வாங்காமல் நூலகத்துக்கு வருவார்கள். ஆகவே மியூடி மூன்று தொகுதி நாவலையே விரும்பினார். அவர் விரும்பியதால் பதிப்பாளர்கள் அதையே அச்சிட்டார்கள். அவர்கள் கேட்டதால் எழுத்தாளர்கள் இரண்டு தொகுதிக் கதையை மூன்றாக நீட்டினார்கள். பாதி வெட்டில் நின்ற முதல் தொகுதியைப் படித்துவிட்டு, இரண்டாம் தொகுதி யார் வீட்டில் இருக்கிறதோ என்று ஏங்கியவர்கள் எத்தனையோ பேர். 1894இல் நூலகங்களே இனி தொகுதிக்கு 4 ஷில்லிங்குக்கு மேல் தர முடியாது என்று அறிவித்தன. மூன்றே ஆண்டில் அந்த வடிவம் செத்துப்போனது. வாசகர் முணுமுணுப்பு எழுபது ஆண்டில் சாதிக்காததைப் பெரிய கொள்முதல்காரர்களின் ஒரே அறிக்கை சாதித்தது.

தவணைக் கதை கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. பி.ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் மாதாமாதம் வெளிவந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் ஓடியது. வாசகர்கள் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, மணியத்தின் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். பதிப்பாளரின் புத்தகத்துக்குக் காத்திராமல் தாமே செய்துகொண்ட முழுத் தொகுப்பு அது. அமெரிக்க ரசிகர்கள் பின்னாளில் வீடியோ கேசட்டில் செய்ததும் இதே வேலைதான்.

ஆனால் தொலைக்காட்சி நிகழ்ச்சியைச் சேமித்து வைக்கலாம் என்ற எண்ணமே முதலில் யாருக்கும் இல்லை. 1951இல் ‘ஐ லவ் லூசி’ தொடர் தயாரானபோது, விளம்பரதாரரான ஃபிலிப் மோரிஸ் சிகரெட் கம்பெனி அது நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாக வேண்டும் என்றது. தொலைக்காட்சிப் பெட்டிகள் மிகுதியாக இருந்தது கிழக்கில்தான். மேற்கே இருந்து ஒளிபரப்பினால் கிழக்கில் இருப்பவர்களுக்குத் திரையைப் படம்பிடித்த மங்கலான நகல்தான் கிடைக்கும். அதன் நட்சத்திரங்களான லூசில் பாலும் கணவர் டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு நகர மறுத்தார்கள். சமரசமாக, நல்ல 35 மி.மீ. சினிமா ஃபிலிமில் எடுப்பது என்று முடிவானது. செலவு கூடியது. தம்பதியர் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு அந்த ஃபிலிம்களின் உரிமையைக் கேட்டு வாங்கினார்கள். லூசில் பால் கர்ப்பமாக இருந்தபோது பழைய எபிசோடுகளை மறுபடி ஒளிபரப்பினார்கள். மக்கள் மறுபடியும் பார்த்தார்கள். பழைய நிகழ்ச்சிக்கு விலை உண்டு என்று தொழில் கண்டுகொண்டது அப்போதுதான்.

அந்தக் காலத்துச் சீசன் மிக நீளம். ஆண்டின் 52 வாரத்தில் 39 வாரம் புது எபிசோட், கோடையில் 13 வாரம் வேறு ஏதாவது. இந்த 39 என்ற எண் அரை நூற்றாண்டு கழித்து ரசிகர்களின் பையைப் பதம் பார்க்கும் என்று யாருக்குத் தெரியும்?

பிரிட்டனில் கதை வேறு. பிபிசி தன் பழைய டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. 1983இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் 20ஆம் ஆண்டு விழாவில், முதல் வீடியோ கேசட்டாக எந்தக் கதை வேண்டும் என்று ரசிகர்களைக் கேட்டார்கள். ‘டூம் ஆஃப் த சைபர்மென்’ என்றார்கள் ரசிகர்கள். அது பிபிசியிடமே இல்லை. சைபர்மென் என்ற எதிரிகள் வந்தால் போதும் என்று ‘ரிவெஞ்ச் ஆஃப் த சைபர்மென்’ கதையை வெளியிட்டார்கள். விலை 39.95 பவுண்டு. அதிலும் நான்கு எபிசோடையும் ஒட்டி ஒரே படமாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் வரும் திகைப்புக் கட்டத்தை வெட்டிவிட்டார்கள். கேட்ட கதை 1991இல் ஹாங்காங் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிலிருந்து திரும்பக் கிடைத்தது; அடுத்த ஆண்டே கேசட்டாக வந்தது.

1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டில் பார்க்க நிகழ்ச்சியைப் பதிவு செய்வது குற்றமல்ல என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி மாறியிருந்தால் வீடியோ ரிக்கார்டரின் தலையெழுத்தே வேறு. மறு ஆண்டு பாராமவுண்ட் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரைக் கேசட்டுக்கு ஒரு எபிசோட் என்று விற்றது. கேசட் 15 டாலர், தொடரில் 79 எபிசோட். எல்லாம் வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். 1999இல் அதே தொடர் டிவிடியாக வந்தது: தட்டுக்கு இரண்டு எபிசோட், மொத்தம் 40 தட்டுகள். இரண்டு ஆண்டுக்கு மேல் ஒவ்வொன்றாகச் சேர்த்து அலமாரியை நிரப்பியவர்கள் மூச்சு விடுவதற்குள், 2004இல் மூன்று சீசனும் மூன்று பெட்டியாக வந்துவிட்டன.

நடுவில் நிகழ்ந்த திருப்பம் ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’. 2000 மே மாதம் ஃபாக்ஸ் அதன் முதல் சீசன் முழுவதையும் ஒரே பெட்டியில், சுமார் 150 டாலருக்குக் கொண்டுவந்தது. இந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்ற சந்தேகம் இருந்தது. வாங்கினார்கள். பொறுக்கியெடுத்த சில எபிசோடுகள் போதும் என்று ரசிகர் நினைப்பதில்லை, வரிசையாக முழுதும் வேண்டும் என்றுதான் நினைக்கிறார் என்பது தெளிவானது. சில ஆண்டுகளில் எல்லா நிறுவனங்களும் சீசன் பெட்டிக்கு மாறின, விலையும் இறங்கியது. 2000களின் நடுப்பகுதிதான் பழைய தொடர் ரசிகர்களின் பொற்காலம்.

அந்தச் சமயத்தில்தான் கத்தி வெளியே வந்தது. 2006இல் ‘பெரி மேசன்’ முதல் சீசனை இரண்டாக வெட்டி விற்றார்கள். ஒன்பது சீசன், 18 பெட்டி. முடிய 2013 ஆனது. ‘கன்ஸ்மோக்’கின் முதல் சீசன் 2007இல் முழுதாக வந்தது, இரண்டாம் சீசனிலிருந்து பாதி பாதியாக வரத் தொடங்கியது. 20 சீசன், 635 எபிசோட் கொண்ட அந்தத் தொடர் டிவிடியில் முடிவுக்கு வந்தது 2020இல்.

நிறுவனத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்றைய புதுத் தொடரின் சீசனில் 22 எபிசோட், பழையதில் 39 வரை. தட்டுகள் அதிகம், பழைய ஃபிலிமைத் துடைத்துச் சீர்செய்யும் செலவு உண்டு, வாங்குபவர்கள் குறைவு. 80 டாலர் விலை ஒட்டிய பெட்டியைப் பல்பொருள் கடையின் அலமாரி ஏற்காது. 40 டாலர் என்றால் ஏற்கும். எல்லாம் சரி. ஆனால் டிக்கன்ஸின் வாசகர் துண்டாக வாங்கியபோது குறைவாகக் கொடுத்தார், முடிவு வரும் மாதத்தையும் அறிந்திருந்தார். டிவிடி வாங்கியவர்களுக்கு இரண்டும் இல்லை. பாதியாகத் தருவதில் தவறில்லை. பாதிக்கு முழு விலை வாங்கிக்கொண்டு, மறுபாதி வருமா என்பதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

பல ஆண்டு வராமல் நின்றவையும் உண்டு. ‘மேரி டைலர் மூர் ஷோ’ முதல் சீசன் 2002இல் வந்து எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. இரண்டாம் சீசனுக்கு 2005 வரை, ஏழாம் சீசனுக்கு 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ‘ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்’ இரண்டு சீசனோடு 2006இல் நின்றது. எட்டு ஆண்டு கழித்து ஷவுட் ஃபேக்டரி என்ற சிறு நிறுவனம் உரிமை பெற்று முழுத் தொடரையும் கொண்டுவந்தது. இதில் ஒரு கொடிய சுழல் இருந்தது. பாதியில் நின்றுவிடுமோ என்று பயந்து ரசிகர்கள் வாங்காமல் காத்திருந்தார்கள். வாங்க ஆளில்லை என்று நிறுவனம் நிறுத்திவிட்டது.

இனி அந்த 2008 ஜூன் பெட்டியில் இருந்த இன்னொரு பிரச்சினை. அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில், சில இசை மாற்றப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி. போட்டுப் பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். தலைப்பு இசை இருந்தது. உள்ளே பீட் ருகோலோவின் பின்னணி இசை அனேகமாக முழுதும் போய், புதிதாகச் செய்த சின்தசைசர் இசை ஒலித்தது. அந்தக் காலத்தில் ருகோலோவின் இசையோடு இசைக் களஞ்சியங்களிலிருந்து எடுத்த துணுக்குகளையும் கலந்து பயன்படுத்தினார்கள். 1960களில் எழுதிய ஒப்பந்தங்களில் வீட்டுத் தட்டு என்ற ஒன்றே கிடையாது. எது யாருடையது என்று தேடிப் பிரிப்பதைவிட எல்லாவற்றையும் தூக்கிவிடுவது நிறுவனத்துக்கு எளிதாக இருந்தது. கிம்பிள் இருட்டுச் சாலையில் நடக்கும்போது ஒலிக்கும் அந்த ஏக்கமான இசை இல்லாவிட்டால் அது வேறு தொடர். ரசிகர்கள் விடாமல் எழுதினார்கள், கேட்டார்கள். 2009இல் நிறுவனம் பெருமளவு பழைய இசையோடு மாற்றுத் தட்டுகளை அனுப்பியது. முதியவர்கள் சிலர் சேர்ந்து பெரிய நிறுவனம் ஒன்றைத் திருத்திய இந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன்.

ரசிகர் கொடுத்த 40 டாலர் எழுதியவருக்குப் போனதா? 2007 நவம்பர் 5 முதல் 100 நாள் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் மனக்குறைகளில் ஒன்று டிவிடி பங்கு. கேசட் செய்வது செலவு மிக்கதாக இருந்த 1980களில், வருமானத்தில் 80 சதவீதத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் பங்கு என்று ஒரு கணக்கு எழுதப்பட்டது. கேசட் போய் மலிவான டிவிடி வந்த பிறகும் கணக்கு மாறவில்லை. எழுத்தாளருக்குக் கிடைத்தது 0.3 சதவீதம், ஒரு டிவிடிக்குச் சில சென்ட்.

அதே 2007இல் இந்தியாவில் நேர் எதிரான சோதனை ஒன்று நடந்தது. வெற்றுத் தட்டுகள் செய்து வந்த மோசர் பேர் நிறுவனம் திரைப்படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. தமிழ்ப் படங்களும் வந்தன. அதுவரை அசல் டிவிடி நூற்றுக்கணக்கில் விற்றதால்தான் பர்மா பஜார் நகல்கள் ஓடின. விலை நகலை நெருங்கியதும் நம் வீடுகளில் அசல் தட்டுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. ஆனால் அமெரிக்கப் பழைய தொடர்கள் அந்த வழியில் வரவில்லை. டிவிடிக்காக உலகைப் பிரித்த மண்டலங்களில், அவற்றின் பெட்டிகள் முதல் மண்டலத்துக்குப் பூட்டப்பட்டவை. நம் டிவிடி பிளேயர் ஐந்தாம் மண்டலம்.

கத்தி புதுத் தொடர்களையும் விடவில்லை. ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வின் இரண்டாம் சீசன் 2.0, 2.5 என்று இரு பெட்டிகளானது. ‘பிரேக்கிங் பேட்’ கடைசி சீசன் 2012இல் எட்டு எபிசோட், 2013இல் எட்டு எபிசோட் என்று ஓடியது. ஐடியூன்ஸில் சீசன் முழுவதற்கும் பணம் கட்டியதாக நம்பியவர்களிடம் இரண்டாம் பாதிக்குத் தனியாகக் கேட்டபோது ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் வழக்குப் போட்டார். ஆப்பிள் நிறுவனம் வாங்கியவர்களுக்குச் சுமார் 23 டாலரை வரவு வைத்தது.

2022இல் நெட்ஃபிளிக்ஸ் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ நான்காம் சீசனை இரண்டு வால்யூமாகப் பிரித்தது. முதல் ஏழு எபிசோட் மே 27 அன்று வந்தன. கடைசி இரண்டும் ஜூலை 1 அன்று. இடைவெளி 35 நாள். ஒரு மாதச் சந்தா கட்டியவருக்கு அது நான்கைந்து நாள் முன்பே தீர்ந்திருக்கும்.